கிரகணமா, மழையா? தொழில்நுட்பக் கணிப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிய தொழில்நுட்பத்தை முன்கூட்டியே கணிக்க முடியுமா, முடியாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் முடியாது. வீட்டில் இருக்கும் பஞ்சாங்கத்தை எடுத்துப் பாருங்கள். அடுத்த கிரகணம் எந்தத் தேதியில், எத்தனை மணிக்குப் பிடிக்கும், எப்போது விடும் என்று போட்டிருக்கும். அப்படியே நடக்கும். அதே பஞ்சாங்கத்தில் இந்த வருடம் எத்தனை மரக்கால் மழை என்றும் இருக்கும். அதை நம்பி யாரும் நாற்று விடுவதில்லை. புத்தகம் ஒன்றுதான், கேள்விகள் வேறு ரகம்.

தொழில்நுட்பத்திலும் இதே கதை. "இது சாத்தியமா?", "எவ்வளவு மலிவாகும்?", "எப்போது வரும்?", "வந்தால் ஜனங்கள் அதை வைத்து என்ன செய்வார்கள்?" என்ற நான்கையும் ஒன்றாகக் கலந்து ஒரே கணிப்பாகச் சொல்லிவிடுகிறார்கள். முதல் இரண்டும் கிரகணத்துக்குக் கொஞ்சம் நெருக்கம். பின் இரண்டும் மழை.

கிரகணம் மாதிரி பலித்த கணிப்பு ஏதாவது உண்டா?

கார்டன் மூர் சொன்னது. 1965 ஏப்ரலில் 'எலக்ட்ரானிக்ஸ்' என்ற அமெரிக்கத் தொழில் இதழில் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். அப்போது அவர் ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர். அவர் பின்னால் சேர்ந்து தொடங்கிய இன்டெல் பிறக்க இன்னும் மூன்று வருடம் இருந்தது. ஒரு சிப்பில் அடங்கும் உறுப்புகளின் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் இரட்டிப்பாகி வருவதைக் கவனித்து, அந்தக் கோட்டை 1975 வரை நீட்டினார். அன்றைக்கு ஒரு சிப்பில் இருந்தவை சுமார் 60. பத்து வருடத்தில் 65,000 ஆகும் என்றார். 1975-ல் தன் கணக்கைத் தானே திருத்தி, இனி இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் இரட்டிப்பாகும் என்றார். மூரின் விதி என்று சொல்லப்படும் அந்தத் திருத்திய கணக்கு பல பத்தாண்டுகள் ஏறத்தாழ நின்றது.

பலரும் கவனிக்காத விஷயம், அவர் பேசியது வேகத்தைப் பற்றி அல்ல, செலவைப் பற்றி. எத்தனை உறுப்புகளைச் சேர்த்தால் ஒவ்வொன்றின் அடக்க விலையும் மிகக் குறைவாக இருக்கும் என்பதுதான் அவருடைய கணக்கு. அந்தக் கட்டுரையோடு ஒரு கேலிச்சித்திரமும் வந்தது: பெரிய கடை ஒன்றில் அழகு சாதனங்கள் விற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வீட்டுக் கம்ப்யூட்டரைக் கூவி விற்கிறார்கள். 1965-ல் அது சிரிப்பதற்காகப் போட்ட படம்.

அப்படியானால் மூரின் விதி இயற்கை விதி மாதிரியா?

இல்லை. கிரகணம் நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் வரும். மூர் போட்ட கோடு, ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் அதைத் துரத்தியதால் வந்தது. பிற்பாடு சிப் தொழில்துறையே கூடி உட்கார்ந்து, எந்த வருடத்தில் எந்த அளவுக்குப் போக வேண்டும் என்று பொதுவான திட்ட வரைபடமே போட்டது. பின்தங்கினால் போட்டியாளன் முந்திவிடுவான் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. கணிப்பு மெல்ல மெல்ல இலக்காகிவிட்டது.

மற்ற துறைகளிலும் இப்படிக் கோடு போட முடியுமா?

சிலவற்றில் முடியும். தியோடர் ரைட் என்ற விமானப் பொறியாளர் (விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்களுக்கு இவர் உறவு இல்லை) 1936-ல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு இருக்கிறது. அதுவரை செய்த விமானங்களின் மொத்த எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஒரு விமானத்துக்கு ஆகும் உழைப்புச் செலவு சுமார் 20 சதவீதம் குறைகிறது என்று கண்டார். செய்யச் செய்யக் கை பழகுகிறது என்று நம் தச்சர்களும் தறிக்காரர்களும் சொல்வதுதான். அவர் அதற்கு எண் கொடுத்தார்.

சோலார் பலகைக்கும் ஏறத்தாழ அதே 20 சதவீதம் பொருந்தி வந்திருக்கிறது. மின்கலம், எல்.இ.டி. விளக்கு எல்லாம் இந்தக் கூட்டம். இவற்றுக்குப் பொதுவான குணம் ஒன்று உண்டு: சின்னப் பொருள், ஒரே மாதிரி, கோடிக்கணக்கில் தொழிற்சாலையில் வார்த்தெடுப்பது. அணு உலை இந்தக் கூட்டத்தில் சேரவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டுமானம், இடத்துக்கு இடம் மாறும் விதிமுறைகள், பத்து வருட வேலை. கை பழகுவதற்குள் ஆட்கள் ஓய்வு பெற்றுவிடுகிறார்கள்.

சோலார் விலைக்குக் கோடு போட முடியும் என்றால், நிபுணர்கள் அதில் தவறியது எப்படி?

பன்னாட்டு எரிசக்தி முகமை வருடா வருடம் ஓர் அறிக்கை வெளியிடும். உலகில் புதிதாக நிறுவப்படும் சோலாரின் அளவு இனிமேல் ஏறத்தாழ இதே மட்டத்தில் நிற்கும் என்று அதன் முக்கியக் கணிப்பு சொல்லும். அடுத்த வருடம் உண்மையான அளவு மேலே போயிருக்கும். அந்த உயர்ந்த இடத்திலிருந்து மறுபடி படுக்கைக் கோடு போடுவார்கள். இப்படிப் பல வருடங்கள். அந்த வரைபடங்களை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிப் பார்த்தால், செங்குத்தாக ஏறும் மரத்தில் பக்கவாட்டில் கிளைகள் நீட்டிக்கொண்டிருப்பது போல இருக்கும். உலகத்தின் மொத்த சோலார் 2010-ல் சுமார் 40 ஜிகாவாட். 2022-ல் 1,000 ஜிகாவாட்டைத் தாண்டியது.

முட்டாள்தனம் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அரசாங்கங்கள் அறிவித்த கொள்கைகளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். அது அவர்களுடைய முறை. ஆனால் விலை குறைந்தால் அடுத்த கொள்கை தானாகவே பெரிதாகும் என்ற சுழற்சி அந்த முறைக்குள் அடங்கவில்லை.

நம் நாட்டுக் கதை இன்னும் சுவையானது. 2010 ஜனவரியில் இந்தியா தேசிய சோலார் திட்டத்தை அறிவித்தபோது இலக்கு, 2022-க்குள் 20,000 மெகாவாட். அந்த வருட ஏலத்தில் ஒரு யூனிட் விலை சுமார் 11 முதல் 13 ரூபாய் வரை கேட்கப்பட்டது. 20,000 என்பது பகல் கனவு என்று சொன்னவர்கள் உண்டு. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் நடந்த ஏலத்தில் விலை 2 ரூபாய் 44 காசுக்கு வந்துவிட்டது. அதற்கு முந்தைய வருடமே நம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் பூங்கா எழுந்திருந்தது. 2018 தொடக்கத்திலேயே 20,000 இலக்கு முடிந்தது, நான்கு வருடம் முன்கூட்டி.

இதற்கு நடுவே, 2015-ல், உற்சாகத்தில் இலக்கை 1,00,000 மெகாவாட்டாக உயர்த்தியிருந்தார்கள். 2022 முடிந்தபோது கையில் இருந்தது சுமார் 63,000. அதே நாடு, அதே பலகை, அதே கெடு வருடம். முதல் எண் கூச்சத்தில் தவறியது, இரண்டாவது எண் ஆசையில் தவறியது. பெரிய பள்ளம் விழுந்தது கூரைச் சோலாரில்: 40,000 என்று போட்டதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. பலகையின் விலையை ரைட்டின் கணக்கு சொல்லும். மின்வாரியம் மீட்டர் மாற்றிக் கொடுக்குமா, வாடகை வீட்டுக்காரர் மொட்டைமாடியைத் தருவாரா என்பதை எந்தக் கணக்கு சொல்லும்?

ஜனங்கள் என்ன செய்வார்கள் என்பதில் மோசமாகத் தவறிய கணிப்பு எது?

செல்போன். 1980-களின் தொடக்கத்தில் ஏ.டி. அண்ட் டி. என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் மெக்கின்சி ஆலோசகர்களிடம் கேட்டது: 2000-ம் ஆண்டில் அமெரிக்காவில் எத்தனை செல்போன் இருக்கும்? 9 லட்சம் என்று பதில் வந்ததாகப் பரவலாகப் பதிவாகியிருக்கிறது. உண்மையில் 10 கோடியைத் தாண்டியது. 1994-ல் மெக்கா செல்லுலார் என்ற நிறுவனத்தை 1,100 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கித்தான் ஏ.டி. அண்ட் டி. அந்தத் தொழிலுக்குள் பெரிய அளவில் நுழைய வேண்டியிருந்தது.

அன்றைக்கு இருந்த போன் செங்கல் கனம், அரை மணி நேரம் பேசினால் பேட்டரி காலி, விலை ஆயிரக்கணக்கான டாலர். அந்தப் பொருளை எத்தனை பேர் வாங்குவார்கள் என்ற கேள்விக்கு 9 லட்சம் நியாயமான பதில்தான். ஆனால் 2000-ல் விற்கப்போவது அந்தப் பொருள் இல்லையே!

இந்தியாவில் அதைச் சரியாகக் கணித்தார்களா?

எங்கே! 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு டெல்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசியதுதான் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. அப்போது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே காசு கொடுக்க வேண்டும். 1999-ன் தொலைத்தொடர்புக் கொள்கை என்ன இலக்கு வைத்தது தெரியுமா? 2010-க்குள் நூறு பேருக்கு 15 தொலைபேசி. அந்த நேரத்தில் அது துணிச்சலான எண். 2010 டிசம்பரில் நூறு பேருக்கு 66 இருந்தது.

தவறியது எங்கே? தொலைபேசி என்றால் கம்பி இழுத்து, வீட்டு முன்னறையில் கைக்குட்டை போர்த்தி வைக்கும் பொருள் என்றுதான் எல்லோர் மனதிலும் இருந்தது. அப்புறம் நடந்தவை சின்னச் சின்னவை. நிறுவனங்கள் பெரிய நிலையான உரிமத் தொகைக்குப் பதில் வருமானத்தில் பங்கு கொடுக்கலாம் என்று 1999-ல் மாறியது. வரும் அழைப்பு 2003-ல் இலவசம் ஆனது. அதே வருடம் டார்ச் லைட் வைத்த நோக்கியா 1100 வந்தது. பத்து ரூபாய்க்கு ரீசார்ஜ் பெட்டிக்கடையில் கிடைத்தது. இவை எதுவும் தனியாகப் பெரிய கண்டுபிடிப்பு இல்லை. சேர்ந்தபோது மீன் ஏலம் எடுப்பவர், கொத்தனார், பூக்காரம்மா எல்லோர் கைக்கும் போன் வந்துவிட்டது. மிஸ்டு கால் கொடுத்துப் பேசாமலே சேதி சொல்லும் கலையை எந்த ஆலோசகரும் தன் அறிக்கையில் எழுதவில்லை.

எங்கள் ஊர் பேருந்து நிலையத்தில் மட்டும் ஏழு எஸ்.டி.டி. பூத் இருந்தது. கடைசியாகத் திறந்தவர் மெஷின், கண்ணாடிக் கூண்டு எல்லாம் புதிதாக வாங்கிப்போட்டார். கடைக்கு வரும் கூட்டத்தைப் பார்த்துத்தான் பணம் போட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கூட்டம் நிஜமாகவே இருந்தது.

துறையில் ஊறிய நிபுணர் சொன்னால் நம்பலாமா?

"முடியும்" என்று அவர் சொன்னால் கவனியுங்கள். "முடியவே முடியாது" என்றாலோ, "இத்தனை வருடத்தில் முடியும்" என்று தேதி குறித்தாலோ கொஞ்சம் யோசியுங்கள்.

அணுவைப் பிளந்து சக்தி எடுக்கலாம் என்பது வெறும் பிதற்றல் என்று 1933 செப்டம்பர் 11 அன்று ரூதர்ஃபோர்டு பேசினார். அணுவின் உட்கருவைக் கண்டவரே அவர்தான். மறுநாள் செய்தித்தாளில் அதைப் படித்து எரிச்சலடைந்த இயற்பியலாளர் லியோ சிலார்டு, லண்டன் தெருவில் நடந்துகொண்டே, ஓர் அணு பிளந்து அடுத்தடுத்த அணுக்களைப் பிளக்கும் தொடர்வினை என்ற யோசனையை எட்டினார். ஒன்பது வருடத்தில் சிகாகோவில் அது நடந்தது. வில்பர் ரைட்டும் 1901-ல் சோர்ந்துபோய், இன்னும் ஐம்பது வருடத்துக்கு மனிதன் பறக்கப்போவதில்லை என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறார். 1903-ல் இருவரும் பறந்தார்கள். வேலையில் நேரடியாக இறங்கியவருக்கு அன்றன்றைய இடைஞ்சல் கண்ணை மறைக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1955-ல் ஜெனீவாவில் அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஹோமி பாபா, அணுக்கரு இணைவை, அதாவது அணுக்கருக்கள் ஒன்றுசேர்வதைக், கட்டுப்படுத்திச் சக்தி எடுக்கும் வழி இருபது ஆண்டுகளில் கிடைத்துவிடும் என்று கணித்தார். 2022 டிசம்பரில் அமெரிக்காவில் ஓர் இணைவுச் சோதனை, லேசர் கொடுத்ததைவிட அதிக ஆற்றலை வெளியே எடுத்தது: 2.05 மெகாஜூல் உள்ளே, 3.15 வெளியே. லேசரை இயக்கச் சுவரிலிருந்து இழுத்த மின்சாரம் சுமார் 300 மெகாஜூல் என்பதைப் பலர் சொல்வதில்லை.

ஆர்தர் சி. கிளார்க் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார் என்கிறார்களே?

பாதி சரி. அறிவியல் புனைகதை எழுத்தாளரான அவர் 1945 அக்டோபரில் ஒரு பிரிட்டிஷ் வானொலி இதழில், பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுவதும் ஒளிபரப்பலாம் என்று கணக்கோடு எழுதினார். 1964-ல் சின்காம் 3 என்ற செயற்கைக்கோள் அந்த இடத்தில் போய் நின்றது. சபாஷ்தான்.

ஆனால் அவருடைய நிலையத்தில் ஆட்கள் குடியிருந்தார்கள்! அந்தக் கால வானொலி வால்வுகள் அடிக்கடி எரிந்து போகும். மாற்றிப்போட ஆள் வேண்டுமே. இரண்டு வருடம் கழித்து டிரான்சிஸ்டர் வந்தது, ஆள் தேவையில்லாமல் போனது. சுற்றுப்பாதை நியூட்டன் கணக்கு, அதாவது கிரகண ரகம். அதில் அவர் தவறவே முடியாது. உள்ளே என்ன பொருத்துவார்கள் என்பது வேறு ரகம்.

1956 முதல் இலங்கையில் வாழ்ந்த கிளார்க்கின் கொழும்பு வீட்டில் 1975-ல் இஸ்ரோ பொறியாளர்கள் ஒரு டிஷ் பொருத்திக் கொடுத்தார்கள். இந்தியாவின் சுமார் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே தொலைக்காட்சி காட்டிய சோதனை நடந்த காலம் அது. முப்பது வருடம் முன்பு தான் எழுதியதைத் தன் வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

தவறான கணிப்பை நம்பிச் செய்த பொருள் எல்லாம் வீண்தானா?

ஜம்போ விமானத்தின் கூனைப் பாருங்கள். 1960-களில் போயிங் 747-ஐ வரைந்தபோது, பயணிகள் சீக்கிரமே ஒலியை விஞ்சும் விமானங்களுக்குப் போய்விடுவார்கள், இந்தப் பெரிய விமானம் கடைசியில் சரக்குதான் ஏற்றும் என்று எல்லோரும் நம்பினார்கள். மூக்கைத் திறந்து நேராகச் சரக்கை உள்ளே தள்ள வசதியாக விமானி அறையை மாடியில் வைத்தார்கள். கூன் வந்தது அப்படித்தான்.

நடந்தது? ஒலியை விஞ்சும் கான்கார்டு விமானம் மொத்தம் 20 செய்யப்பட்டது, 2003-ல் பறப்பதை நிறுத்தியது. 747-ல் 1,574 செய்யப்பட்டன. எரிபொருள் விலை, ஊருக்கு மேலே பறந்தால் காது கிழியும் வெடிச்சத்தம், டிக்கெட் கட்டணம் எல்லாம் சேர்ந்து கான்கார்டைக் கட்டிப்போட்டன. 2023 ஜனவரியில் கைமாறிய கடைசி 747 சரக்கு விமானம்தான். அரை நூற்றாண்டு தாமதமாக, வேறு காரணத்துக்காக.

நல்ல கண்டுபிடிப்பு வந்த பிறகும் பரவ ஏன் இத்தனை காலம்?

எடிசன் நியூயார்க்கில் மின்நிலையம் திறந்தது 1882. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பாதி சக்தி மின்சாரத்துக்கு மாறவே சுமார் 1920 ஆனது. நீராவிக் காலத்து ஆலையில் ஒரே பெரிய எஞ்சின், கூரையில் நீளமான தண்டு, அதிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தோல் பட்டை. முதலாளிகள் எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பெரிய மோட்டாரை வைத்தார்கள். பெரிய லாபம் இல்லை. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்து, கட்டடத்தையே மாற்றி, வேலை நகரும் வழியை மாற்றிய பிறகுதான் பலன் தெரிந்தது.

தொழில்நுட்பத்தின் விளைவைக் குறுகிய காலத்துக்கு மிகையாகவும் நீண்ட காலத்துக்குக் குறைவாகவும் மதிப்பிடுகிறோம் என்று எதிர்காலம் பற்றி ஆராய்ந்த அமெரிக்கர் ராய் அமாரா சொன்னது இதற்குப் பொருந்தும். எங்கே வளைவு திரும்பும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

"உலகத்துக்கு ஐந்து கம்ப்யூட்டர் போதும்" என்று ஐ.பி.எம். தலைவர் சொன்னாராமே?

தாமஸ் வாட்சன் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. கண்டுபிடிக்க வேண்டியதெல்லாம் கண்டுபிடித்தாகிவிட்டது என்று 1899-ல் அமெரிக்கக் காப்புரிமை அதிகாரி சொன்னார் என்பதும் கட்டுக்கதை. கம்ப்யூட்டருக்கு 640 கிலோபைட் நினைவகம் போதும் என்ற வரியைத் தான் சொல்லவே இல்லை என்கிறார் பில் கேட்ஸ். வாட்ஸ்அப்பில் வந்தால் அனுப்புவதற்கு முன் யோசியுங்கள்.

செயற்கை நுண்ணறிவு பற்றிய கணிப்புகள்?

இரண்டு பக்கமும் அடி வாங்கிய துறை. பத்து வருடத்தில் கணினி சதுரங்க சாம்பியன் ஆகும் என்று ஹெர்பர்ட் சைமன் 1957-ல் சொன்னார், நாற்பது ஆனது. கோ என்ற பலகை விளையாட்டுக்கு இன்னும் பத்து வருடமாவது ஆகும் என்று பலர் நினைத்திருக்க, 2016-ல் ஆல்ஃபாகோ என்ற மென்பொருள் கொரிய வீரர் லீ செடோலை 4-1 என்று வென்றது. அதே வருடம் செயற்கை நுண்ணறிவு விஞ்ஞானி ஜெஃப்ரி ஹின்டன், ரேடியாலஜி டாக்டர்களைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்தலாம், ஐந்து வருடத்தில் கணினி அவர்களை மிஞ்சிவிடும் என்றார். இன்றும் ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட டாக்டர் வேண்டும். படத்தில் புள்ளியைக் கண்டுபிடிப்பதில் மென்பொருள் நிஜமாகவே முன்னேறியிருக்கிறது. ஆனால் பழைய ஸ்கேனோடு ஒப்பிடுவது, அறுவை செய்யும் டாக்டரோடு பேசுவது, தவறினால் பொறுப்பேற்பது எல்லாம் அந்த வேலைக்குள் இருக்கின்றன. "இது சாத்தியமா" என்ற கேள்விக்கான பதிலை "எப்போது ஆட்கள் தேவைப்பட மாட்டார்கள்" என்ற கேள்விக்குப் போட்டுவிட்டார்.

ஒரு கணிப்பைப் படித்தால் எப்படி எடை போடுவது?

நான் முதலில் தேடுவது தேதி. "விரைவில்" என்று இருந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். அப்புறம், நடக்காவிட்டால் நடக்கவில்லை என்று எதை வைத்துச் சொல்வது? அது எழுதப்பட்டிருக்க வேண்டும். சொல்பவர் அதே பொருளை விற்பவரா என்றும் பார்ப்பேன். கடைசியாக நிகழ்தகவு. கிளென் பிரையர் என்ற வானிலையாளர் 1950-ல் மதிப்பெண் முறை ஒன்று வகுத்தார். 90 சதவீதம் மழை என்று சொல்லிப் பெய்யாவிட்டால் பெரிய அடி, 60 என்று சொல்லியிருந்தால் சின்ன அடி. இப்போது போட்டி வைத்துக் கணிப்பவர்களையும் இதே முறையில்தான் அளக்கிறார்கள்.

சரி, இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் ஏதாவது கணியுங்கள் பார்ப்போம்.

நியாயமான கேள்வி. 2035 டிசம்பர் 31-க்குள்:

உலகில் எங்காவது அணுக்கரு இணைவு மின்சாரம் வீட்டு இணைப்புகளுக்குக் காசு வாங்கி விற்கப்படும்: 7 சதவீதம்.

சென்னையில் முன் இருக்கையில் யாருமே இல்லாத டாக்ஸி, பொதுமக்களைக் கட்டணத்துக்கு ஏற்றிச் செல்லும்: 20 சதவீதம். தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குள் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு அது போகும்: 1 சதவீதம்.

இந்தியாவில் புதிதாக விற்கும் ஆட்டோவில், இ-ரிக்‌ஷாவைச் சேர்க்காமலே, பாதிக்கு மேல் மின்சாரத்தில் ஓடும்: 90 சதவீதம்.

இந்தப் பக்கத்தை அச்செடுத்து, அந்தப் பழைய பஞ்சாங்கத்துக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன்.